கிள்ளிப் பார்க்காமல் விட்ட கைக்கு நன்றி

தாராவி 90 அடி ரோட்டு மக்களுக்கும், மாநகராட்சி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு டாக்டரம்மாவுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு 14 வயது. போன தீபாவளியிலிருந்து அவனுக்கு அடிக்கடி சில்லுமூக்கு உடைந்து ரத்தம் வந்தது. உடம்புச் சூடு என்றாள் அம்மா. வெந்தயம், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் நடந்தது. வலது மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டிருப்பதை யாரும் கவனிக்கவில்லை. வாயைப் பிளந்து தூங்குகிறான் என்று கேலி செய்தோம். அதில் நான்தான் முன்னால். ஒரு கிளினிக்கில் சைனஸ் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இன்னொரு இடத்தில், "சதை வளர்ந்திருக்கு, துளி கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பிடலாம்" என்று நாளே குறித்துவிட்டார்கள்.

"பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிட்டுப் பண்ணுங்கடி" என்று வழியை மறித்தது எதிர்வீட்டு அத்தை. முதல் கும்பிடு அவளுக்கு.

டாக்டரம்மா இன்னும் மேல்படிப்பு படிப்பவர். ஒரு பக்கம் மட்டுமா, வலி உண்டா, எத்தனை மாதமாக ரத்தம் என்று கேட்டார். கேமரா வைத்த குழாயால் உள்ளே பார்த்தவர், "இஸ்கோ ஹாத் மத் லகானா" என்றார், இதில் கை வைக்காதீர்கள் என்று. பிறகு பொறுமையாகச் சொன்னார்: பெயர் ஆஞ்சியோஃபைப்ரோமா. அநேகமாக விடலைப் பையன்களுக்கு மட்டுமே வரும். புற்றுநோய் இல்லை, ஆனால் எலும்பை அரித்துக்கொண்டு கண், மூளைப் பக்கம் போகக்கூடியது. கட்டி முழுக்க ரத்தக்குழாய். அந்தக் குழாய்ச் சுவரில் சுருங்குவதற்குத் தசை கிடையாது. கிள்ளினால் ரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு. கன்னத்து சைனஸின் பின்சுவர் முன்பக்கமாக வில்போல் வளைந்திருந்ததை சி.டி. ஸ்கேனில் காட்டி, ஓ.பி. சீட்டின் பின்னால் வரைந்தும் தந்தார். அதை வைத்தே நோயை உறுதி செய்தார்கள், சதையைத் தொடாமல். சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் தொடை இடுக்கில் மெல்லிய குழாயை நுழைத்து, கட்டிக்கு ரத்தம் போகும் பாதையை அடைத்தார்கள். செய்தவரை முகக்கவசத்தோடுதான் பார்த்தோம், வெளியே பார்த்தால் அடையாளம் தெரியாது. மறுநாள் மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப் விட்டு எடுத்தார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை.

அப்படியும் ரத்தம் கைவசம் வேண்டும், நாலு பேரைக் கூட்டி வாருங்கள் என்றிருந்தார்கள். வந்தது பதினோரு பேர். அதில் பாதி, காலை வியாபாரம் முடித்து, சைக்கிளில் காலி இட்லி அண்டாவோடு நேரே வந்த அண்ணாச்சிகள். ஒருவரை மட்டும் எடை போதாது என்று திருப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை.

இது திரும்பவும் முளைக்கலாம் என்பதால் அவ்வப்போது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். முதலாவது சுத்தம். தம்பி வாயை மூடித் தூங்குகிறான்.

எடை குறைந்த அண்ணாச்சிக்கு: ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. கட்டாயம் வந்துவிடுங்கள்.