டிஸ்சார்ஜ் தாளில் ஒரு பத்தி கேட்கிறோம்

மூட்டருகே நொறுங்கிய எலும்புகளைச் சேர்த்துப் பொருத்தும் அறுவை மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறுவைக்குப் பின் நோயாளிகளை மடக்கவும் நீட்டவும் நடக்கவும் பழக்கும் இயன்முறை மருத்துவர்களில் ஒருவர் எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் தாளில் "பிசியோதெரபி தொடரவும்" என்று ஒற்றை வரியோடு நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் வைத்த பிளேட்டும் ஸ்குருவும் எவ்வளவு அசைவைத் தாங்கும், எவ்வளவு எடையைத் தாங்கும் என்று எழுதுங்கள். அதை நேரில் கண்டவர் நீங்கள் மட்டுமே.

தொடை எலும்பு நடுவில் முறிந்தால் நீளமும் நேரும் சுழற்சியும் சரியாக அமைந்தால் போதும். துண்டுகளுக்கு நடுவே சிறிது இடைவெளி இருந்தாலும் புது எலும்பு வளர்ந்து மூடிவிடும். கீழ்க்கால் எலும்பின் மேல்தளம் முழங்காலுக்குள் அமுங்கி உடையும்போது அந்தச் சலுகை கிடையாது. குருத்தெலும்புப் பரப்பில் சில மில்லிமீட்டர் உயரத்துக்குப் படிபோல் மேடுபள்ளம் நின்றாலும் உடலின் பாரம் ஓரிடத்தில் குவியும்; பிற்காலத்தில் மூட்டு தேய்வதற்கு வழி பிறக்கும். அதனால்தான் சிடி படங்களைக் கோணம் கோணமாக ஆராய்ந்து, அமுங்கிய துண்டைக் கீழிருந்து உயர்த்தி, அடியில் விழுந்த வெற்றிடத்தை எலும்பாலோ மாற்றுப் பொருளாலோ நிரப்பி, பின்புற உள்துண்டு தனியாகப் பிரிந்திருந்தால் அதற்கென்று இன்னொரு பிளேட் வைக்கிறீர்கள். எக்ஸ்ரேயில் அந்த வேலையைப் பார்த்து வியந்திருக்கிறேன். அப்படிச் சேர்த்த மூட்டு அசையாமல் கிடந்து இறுகிப்போவதையும் பார்க்கிறேன். அந்த ஆற்றாமைதான் என்னை எழுத வைக்கிறது.

குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. மூட்டு நீரிலிருந்துதான் அதற்கு உணவு. மூட்டு அசையும்போதுதான் அந்த நீர் உள்ளே சென்று வரும். கனடாவின் எலும்பு அறுவை மருத்துவர் ராபர்ட் சால்டர் முயல்களின் முழங்கால் குருத்தெலும்பில் துளையிட்டுச் செய்த ஆய்வை 1980இல் வெளியிட்டார். கட்டிப்போட்ட மூட்டுகளைவிடத் தொடர்ந்து அசைக்கப்பட்ட மூட்டுகளில் துளைகள் மிக நன்றாக ஆறின. அதற்கு முன்பே, 1958இல் சுவிட்சர்லாந்தில் அறுவை மருத்துவர் மௌரிஸ் முல்லரும் தோழர்களும் எலும்பு முறிவுகளைப் பொருத்தும் முறைகளை ஆராயும் ஏ.ஓ. குழுவைத் தொடங்கியபோது, மாவுக்கட்டில் மாதக்கணக்கில் கிடந்து விறைத்த மூட்டுகளும் வற்றிய தசைகளும்தான் அவர்களை உறுத்தின. உறுதியாகப் பொருத்தச் சொன்னது, மறுநாளே அசைக்க முடியவேண்டும் என்பதற்காக. பிளேட்டை வைத்துவிட்டுக் காலை ஆறு வாரம் அசைக்காமல் வைத்திருந்தால், அறுவையின் ஆபத்தையும் மாவுக்கட்டின் கேட்டையும் சேர்த்தே நோயாளிக்குக் கொடுத்ததாகிவிடும்.

ஆனால் ஏன் அசைப்பதில்லை? அச்சம். நோயாளிக்கு ஸ்குரு கழன்றுவிடுமோ என்ற அச்சம். வீட்டாருக்கு அதைவிட அதிகம். எங்களுக்கும்தான். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும். எலும்பு அந்த ஸ்குருவை எவ்வளவு இறுகப் பற்றியது என்பது தெரியாது. எலும்பு மெலிந்த முதியவரிடம் ஸ்குரு இறுகாமல் சுழன்றதை உங்கள் கை உணர்ந்திருக்கும். முழங்காலுக்குள் மெத்தைபோல் இருக்கும் வெளிப்புற மெனிஸ்கஸ் கிழிந்து அதைத் தைத்திருப்பீர்கள். அப்படியானால் முதல் சில வாரங்கள் ஆழமாக மடக்கக் கூடாது. பக்கத் தசைநார் அறுந்திருந்ததா, முழங்கையில் நரம்பை இடம் மாற்றினீர்களா, பொருத்தி முடித்தபின் மேசையிலேயே மூட்டை மடக்கிப் பார்த்தபோது எத்தனை டிகிரி வரை துண்டுகள் நகராமல் நின்றன? இவை எதுவும் எங்களுக்கு வந்து சேர்வதில்லை. தெரியாதவர் எச்சரிக்கையின் பக்கம்தான் சாய்வார், எச்சரிக்கை என்றால் இங்கே விறைப்பு.

முழங்கைதான் இதில் மிகவும் கொடியது. அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 30 டிகிரி முதல் 130 டிகிரி வரை மடக்கும் வீச்சு வேண்டும். அசையாமல் விட்டால் சில வாரங்களிலேயே அதில் பெரும்பகுதி போய்விடும். இழந்ததை மீட்கும் அவசரத்தில் எங்கள் துறையினர் சிலர் விசையோடு வளைக்கிறார்கள். வலியும் வீக்கமும் கூடி மூட்டு மேலும் இறுகுகிறது. இது தவறு, எங்கள் கூட்டங்களில் நானே எதிர்த்துப் பேசுகிறேன். ஆனாலும் முதல் வாரத்திலேயே தெளிவான எல்லை தெரிந்திருந்தால் அந்த அவசரம் பிறந்தே இருக்காது.

காத்திருக்கும் நாட்களையும் சொல்லவேண்டும். கணுக்காலுக்கு மேல் எலும்பு நொறுங்கும் பிலான் முறிவில், வீங்கிய தோலை உடனே வெட்டினால் காயம் பிரிந்து கிருமித்தொற்று வரும் என்பது கசப்பான பாடமாகக் கற்கப்பட்டது. ஆகவே முதலில் வெளியே கம்பிச் சட்டம் மாட்டி, பத்து நாளோ மூன்று வாரமோ பொறுத்து, தோலில் சுருக்கம் திரும்பியபின் அறுவை செய்கிறீர்கள். சரியான முறை. நோயாளிக்கோ, தன்னைக் கவனிப்பாரில்லாமல் போட்டுவிட்டார்கள் என்று தோன்றுகிறது. வீக்கம் வடியத்தான் காத்திருக்கிறோம் என்று இரண்டு நிமிடம் சொன்னால் போதும். அந்நாட்களில் விரல்களை அசைக்கவும், முழங்காலையும் இடுப்பையும் பலப்படுத்தவும், பாதம் கீழ்நோக்கித் தொங்கிவிடாமல் தாங்கவும் எங்களை அழையுங்கள். அறுவை முடிந்தபின் அழைப்பது தாமதம்.

எடை விஷயத்தில் "ஓரளவு ஊன்றலாம்" என்ற சொற்கள் எவருக்கும் பயன்படுவதில்லை. பாதத்தை வெறுமனே தரையில் தொடலாமா, காலின் எடையை மட்டும் வைக்கலாமா, உடல் எடையில் பாதியையா? கீழ்க்கால் எலும்பின் மேல்தள முறிவில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை ஊன்றவேண்டாம் என்பது வழக்கம். ஆறுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே ஒரு மனிதரின் வேலை போய்விடலாம். எந்த வாரம், எந்த எக்ஸ்ரேயைப் பார்த்தபின் என்று குறியுங்கள். ஊன்றத் தடை இருந்தாலும் மடக்கத் தடை இல்லை என்பதையும் தனியாக எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு காலை அசைக்காமலே படுத்திருப்பவர்கள் ஏராளம்.

அறுவைக் குறிப்பை எழுதும் அதே இருக்கையில் இதை எழுதச் சில நிமிடங்கள் ஆகும். அனுமதித்த கோணம், தவிர்க்கவேண்டிய அசைவு, ஊன்றும் அளவு, அடுத்து மாற்றும் தேதி, சந்தேகம் வந்தால் பேசவேண்டியவர் யார் என்பது. எங்கள் பங்குக்கு, இரண்டாம் வாரமும் ஆறாம் வாரமும் மூட்டின் கோணத்தை அளந்து உங்களுக்கு எழுதி அனுப்புகிறோம். வீச்சு கூடாமல் நின்றாலோ, வலி திடீரென ஏறினாலோ, காயத்தில் கசிவு தெரிந்தாலோ அன்றே தெரிவிக்கிறோம். அந்தக் கடிதங்களை நோயாளியின் கோப்பில் சேர்க்க உங்கள் பிரிவில் ஒருவரை நியமியுங்கள்.

அன்புடன்,
ஓர் இயன்முறை மருத்துவர்