டிசம்பர் 1-ல் விடுபடும் ஒரு பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமெரி நகரில், வெள்ளையர் ஒருவருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். ஆனால் அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, மார்ச் 2 அன்று, அதே நகரில் அதே காரணத்துக்காகக் கைதான 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வினின் பெயர் இந்த நினைவுகளில் விடுபட்டுப்போவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

தையல் வேலை முடித்து வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் அமர்ந்திருந்தது வெள்ளையருக்கென ஒதுக்கிய முன்வரிசையில் அல்ல, கறுப்பினத்தவரும் அமரக்கூடிய நடுப்பகுதியில்தான். அவருக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் நீதிமன்றச் செலவும் விதிக்கப்பட்டன. இதை எதிர்த்துக் கறுப்பினத்தவர் டிசம்பர் 5-ல் தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாட்கள் நீடித்தது. ஏராளமானோர் அத்தனை நாளும் நடந்தே வேலைக்குப் போனார்கள். எனினும், அந்நகரப் பேருந்துகளில் இனப் பாகுபாட்டை ஒழித்த தீர்ப்பு பார்க்ஸின் வழக்கில் வரவில்லை. கோல்வின் உள்ளிட்ட நான்கு பெண்கள் வாதிகளாக நின்ற வேறொரு வழக்கிலேயே வந்தது. சிறுமியாக இருந்தபோது கோல்வின்மீது விழுந்த குற்றப்பதிவு 2021-ல்தான், அவருடைய 82-ஆம் வயதில், நீக்கப்பட்டது.

இனி டிசம்பர் 1 பற்றி எழுதும்போது அவர் பெயரையும் தவறாமல் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்