கேரேஜ் கதவு பழுதுபார்க்க வந்தவருக்கும், மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களே,

என் பழைய காரின் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம், வந்துவிட்டது. நேற்று மதியத் தபாலில், மின்சார பில்லுக்கும் மளிகைக்கடை விளம்பரத்துக்கும் நடுவில் செருகிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு அவ்வப்போது போய் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

வண்டி எங்கே போய் மாட்டிக்கொண்டது, மேலே கறுப்பு அடித்த இந்த வண்டி பழைய கண்காட்சிக் கார்தான் என்று எந்தத் தேதிக்குள் நிரூபிக்கச் சொன்னார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. பாதிப் பேர் கூடவே அலைந்தீர்கள். அதை மறுபடி கிளற எனக்குத் தெம்பில்லை. முடிந்தது. சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த மடல். ஆறிய பிறகு எழுதினால் சங்க விழா நன்றியுரை மாதிரி ஆகிவிடும்.

முதலில் கேரேஜ் கதவுக்காரர். அவர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

அந்த வாரம் கேரேஜ் கதவின் ஸ்ப்ரிங் வெடித்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பட்ட காலிலே படும் என்பது இதுதான் போல என்று அலுத்துக்கொண்டே ஆள் வரச் சொன்னேன். எழுபது தாண்டிய மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஸ்ப்ரிங்கை மாட்டி முடித்து, கதவை மேலே கீழே ஓட்டிப் பார்த்து, கை துடைத்துக்கொண்டே வண்டிப் பக்கம் திரும்பினார். டிக்கி மூடியின் ஓரத்தில் கறுப்புப் பெயின்ட் ஒரு பட்டாணி அளவுக்கு உதிர்ந்திருக்கிறதே, அங்கே விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார். டார்ச் இருக்கிறதா என்று கேட்டார். அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பொடிப்பொடியாக மினுக்கியது. “மெட்டல்ஃப்ளேக்” என்றார், உலோகத் துகள் கலந்த மினுக்குப் பெயின்ட். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

கறுப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதானே எங்கள் சிக்கலே. தொழிற்சாலையில் போட்ட வண்டி எண் VS29H0 என்று ஆரம்பித்தால் 1970 ப்ளிமத் டஸ்டர், 340 கன அங்குல எஞ்சின் என்று தெரிந்துவிடும். 275 குதிரைத்திறன் என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த பிறகு அதை ஒரு பெயின்டர் என்ன செய்தார், எந்தெந்த ஊர்க் கண்காட்சியில் கண்ணாடி பதித்த மேடையில் நின்றது என்பது எந்தத் தகட்டிலும் இருக்காது. நம்மிடம் இருந்தது பழைய பத்திரிகையில் வந்த ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதில் டிக்கி மூடி முழுக்க லேஸ் வேலைப்பாடு. ஜன்னல் திரைக்கான லேஸ் துணியை விரித்து ஒட்டி, அதன்மேல் பெயின்ட் அடித்து, துணியை உரித்தால் பூவும் வலையும் அப்படியே பதிந்துவிடும். எழுபதுகளில் அதற்கு ஏகப்பட்ட மவுசு.

கறுப்பைக் கரைத்து எடுத்துவிடலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கதவுக்காரர் அதைக் கேட்டுத் தலையிலேயே அடித்துக்கொண்டார். மேலே இருக்கிற கறுப்பு எனாமல் என்கிற பெயின்ட். கீழே இருப்பது லாக்கர் என்கிற வேறு வகை. லாக்கர் எத்தனை வருஷம் ஆனாலும் தின்னர் பட்டால் கரையும். மேல்பூச்சு போவதற்குள் கீழே இருப்பதும் சேர்ந்து துணியோடு வந்துவிடும் என்றார். தண்ணீர், உப்புத்தாள், கை, இவை மூன்றும்தான் வழியாம்.

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தோம். காலையிலேயே வந்து நின்றார். வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. உப்புத்தாளை ரப்பர் கட்டையில் சுற்றி, முதலில் 600 நம்பர் தாள், பிறகு இன்னும் நைசான 1000, கடைசியில் 1500. நாலு தேய்ப்புக்கு ஒருதரம் ரப்பர் பட்டையால் தண்ணீரை வழித்து, வழிகிற நீரின் நிறத்தைப் பார்ப்பார். வேலையின் சூட்சுமம் அதில்தான் இருந்தது. கறுப்பாக வழிகிற வரை தைரியமாகத் தேய்க்கலாம். பால் மாதிரி வெள்ளையாக மாறினால் வேலைப்பாட்டின்மேல் அடித்த நிறமில்லாத கிளியர் பூச்சைத் தொட்டுவிட்டோம் என்று அர்த்தம். ஆரஞ்சு வந்தால் தீர்ந்தது, வேலைப்பாட்டையே தின்றுவிட்டோம். மெட்டல்ஃப்ளேக் துகள் மேலே துருத்திக்கொண்டு நிற்கும், அதை மூடி மட்டப்படுத்தப் பூச்சுமேல் பூச்சாகக் கிளியர் அடித்திருப்பார்கள், அந்தத் தடிமன்தான் இன்றைக்கு நம்மைக் காப்பாற்றுகிறது என்று தேய்த்துக்கொண்டே சொன்னார்.

சாயங்காலத்துக்குள் போஸ்ட்கார்டு அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்தது. இடது மூலை. பத்திரிகைப் படத்தில் அந்த மூலையில் லேஸ் துணி பற்றாமல் இன்னொரு துண்டை வைத்து ஒட்டியிருப்பார்கள், பூ பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதே பாதிப் பூ. என் மகள்தான் முதலில் கத்தினாள்.

பணம் கொடுக்கப் போனேன், ஸ்ப்ரிங்குக்குத்தான் பில் போட்டாயிற்றே என்றார். சர்க்கரை போடாத காபி மட்டும் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது ஒன்று சொன்னார். இளவயதில் பட்டறையில் இருந்தபோது இந்த மாதிரி வண்டிகள்மேல் கறுப்பும் பழுப்புமாக அடித்து மூடுவதுதான் அவருக்குக் கொடுத்த வேலையாம். ஒன்றைத் திறந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார்.

அதைக் கேட்டதிலிருந்து ஒரே யோசனை. கண்காட்சிக்காரர்களுக்கு வருஷா வருஷம் புதுமுகம் வேண்டும். ஒரே வண்டிக்கு வேறு நிறம், வேறு பெயர் வைத்து மறுபடி கொண்டுவந்தவர்களும் உண்டு. பிறகு 1973 எண்ணெய்த் தடை வந்தது, பெட்ரோல் குடிக்கிற வண்டி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். இதெல்லாம்கூடப் புரிகிறது. எனக்குப் பிடிபடாதது அதற்கப்புறம் நடந்ததுதான். இந்த மாதிரிப் பெரிய எஞ்சின் வைத்த பழைய அமெரிக்க வண்டிகளின், அதாவது மஸில் கார்களின், விலை ஏறியதும் எல்லோரும் எஞ்சின் எண்ணும் பாடி எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்க ஆரம்பித்து, ஃபேக்டரி நிறத்துக்குத் திருப்புகிறோம் என்று எத்தனை கஸ்டம் பெயின்ட்டை மணல் வீசி இரும்புவரை உரித்தார்கள்! ஃபேக்டரி நிறத்தை இன்றைக்கும் கலக்கிவிடலாம். லேஸ் துணி பற்றாமல் தவித்த அந்தப் பெயின்டரின் கையை எங்கே போய்த் தேடுவது? என் வண்டியில் அது நடக்காது. கறுப்பை மெதுவாக எடுப்போம், ஆனால் ஒரு இடத்திலும் புதுப் பெயின்ட் ஏறாது. நான் விற்கிற நிலைமை வந்தாலும் வாங்குபவரிடம் அதை எழுதி வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுப்பேன்.

மற்றவர்களை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதீர்கள். மழையில் ட்ரெய்லர் ஓட்டி வந்த கான்டன் ஊர் அண்ணன், பீஸ் வாங்க மறுத்த வக்கீல் அக்கா, தன் காரை வெயிலில் விட்டுவிட்டு எங்கள் வண்டிக்கு இடம் கொடுத்த எதிர்வீட்டுக் குடும்பம், டெட்ராய்ட் பொது நூலகத்தில் தேசிய வாகன வரலாற்றுச் சேகரிப்பைப் பார்த்துக்கொள்பவர்கள், ப்ளிமத் மாதிரி க்ரைஸ்லர் கம்பெனி வண்டிகளின் ரசிகர்களான மோப்பார் கிளப் பெரியவர்கள், சாம்பார் சாதம் கொண்டுவந்தே எங்களை நிமிர வைத்த சங்கத்துப் பெண்கள். உங்களில் ஒருவர் குறைந்திருந்தாலும் இது நடந்திருக்காது.

சனிக்கிழமை வண்டி வாசலில்தான் நிற்கும். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், டிபன் இருக்கிறது. கதவுக்காரரும் மனைவியோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பெல்ட் பக்கிளோடு யாரும் டிக்கிமேல் சாயக் கூடாது, மச்சான் உங்களைத்தான் சொல்கிறேன்.