குளத்து ரோகு ஏன் குஞ்சு விடவில்லை

அன்பு நண்பா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது, பெரியவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற அலைச்சலில் உடனே எழுத முடியவில்லை. இடம் அமைந்துவிட்டது, தேதி குறித்ததும் நானே பத்திரிகையோடு வருகிறேன். சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷமாக வளர்க்கிற ரோகு, வயிறு நிறையச் சினை, ஆனால் ஒரு குஞ்சுகூடக் காணோம், தண்ணீரில் கோளாறா என்று கேட்டிருந்தாய். தண்ணீரிலும் இல்லை, மீனிலும் இல்லை. ரோகு, கட்லா, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். கங்கையிலும் மகாநதியிலும் மழைக்காலத்துப் புதுவெள்ளம் கரை ஏறிப் பரவும்போதுதான் கூடி முட்டையிடும். குளத்திலும் சினை முற்றும், ஆனால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஒரு ஹார்மோனை மொத்தமாக ரத்தத்தில் இறக்கினால்தான் முட்டை சினைப்பையை விட்டுக் கழன்று வரும். வெள்ளத்தைக் காணாத மீனுக்கு அது இறங்குவதில்லை. சீசன் முடிந்ததும் அத்தனை சினையையும் உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

அந்தக் காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் ஆற்றில் வலை கட்டித்தான் பிடித்தார்கள். கண்ணாடித் துணுக்கு மாதிரி இருக்கும் அந்த வயதில் எது ரோகு, எது மற்றதைத் தின்கிற மீன் என்று பிரிக்கவே முடியாது, அதை மண்பானைகளில் நிரப்பி ரயிலில் ஏற்றி அனுப்புவார்கள், வழியில் எவ்வளவு செத்திருக்கும் என்று யோசித்துப் பார்.

இதை மாற்றியவர் ஹீராலால் சௌத்ரி என்ற மீன் விஞ்ஞானி. ஒரு மீனின் பிட்யூட்டரியை எடுத்து இன்னொரு மீனுக்கு ஊசி போட்டு முட்டையிட வைப்பதை 1930களிலேயே பிரேசிலில் செய்துகாட்டியிருந்தார்கள். ரோகு, கட்லா, மிர்கால் என்ற நம் பெருங்கெண்டைகளுக்கு அது நம்பிச் செய்யும்படி அமையவில்லை. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் சௌத்ரியும் அவரோடு வேலை பார்த்த அலிக்குஞ்ஞியும் அதைச் சாதித்தார்கள். அந்த நாளைத்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம். 2014ல் சௌத்ரி காலமானார். நெல் விஞ்ஞானிகளின் பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் நம் ஊரில் தெரியவில்லையே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பழைய முறையைக் கையால் செய்திருக்கிறேன். மீன் தலையைப் பிளந்து மூளையை மெதுவாக விலக்கினால் அடியில் ஒரு சின்னக் குழியில் வெள்ளையாகக் கடுகு மாதிரி உட்கார்ந்திருக்கும், ஊசிமுனை பட்டாலே நசுங்கிவிடும். எடுத்து ஆல்கஹாலில் போட்டு வைத்து, தேவைப்படும்போது தண்ணீர் விட்டு அரைத்து, தெளிந்ததை மட்டும் ஊசியில் ஏற்றுவோம். பெண் மீனுக்கு ஒன்று, ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று, ஆணுக்கு அந்த இரண்டாவது வேளையில் ஒன்றே ஒன்று. அப்புறம் துணித்தொட்டியில் ஒன்றாக விட்டுவிட்டு இருட்டில் காத்திருக்க வேண்டும். நடுராத்திரிக்கு மேல் தண்ணீர் சளப் சளப் என்று அடிக்கிற சத்தம் கேட்கும். விடிந்து கைவிட்டு அள்ளினால் ஊறிய ஜவ்வரிசி போல முட்டை, உள்ளே கறுப்பாகப் புள்ளி. முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

இப்போது சுரப்பி தேட வேண்டியதில்லை. ஓவாப்ரிம் என்று மருந்து வருகிறது, ஒரே ஊசி. பிட்யூட்டரியைத் தூண்டும் ஹார்மோனின் செயற்கை வடிவம் ஒன்று அதில் இருக்கிறது, கூடவே டோம்பெரிடோன், நமக்கு வாந்திக்குக் கொடுப்பார்களே அதேதான். மீனின் மூளையில் டோபமைன் என்ற பொருள் அந்தத் தூண்டுதலைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், டோம்பெரிடோன் அந்தப் பிடியை விடுவிக்கிறது. ஹார்மோன் மட்டும் கொடுத்தால் கெண்டைகளுக்குப் போதாது என்று பிற்பாடுதான் கண்டுபிடித்தார்கள்.

நீயாக ஊசி வாங்கிப் போட்டுவிடாதே. ஆடி பிறந்ததும் எங்கள் பண்ணைக்கு வா, உன் மீனையே நாலைந்து கொண்டுவா. பெண்ணுக்கு வயிறு மெத்தென்று இருக்கும், ஆணுக்கு முன்பக்கத் துடுப்பைத் தடவினால் சொரசொரவென்று உப்புத்தாள் மாதிரி இருக்கும், பார்த்துப் பிடி. ராத்திரி இங்கேயே தங்கிவிடலாம், தங்கச்சியிடம் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்