25 பின் கேபிளில் தவறான பின் வரிசை: பணத்தைத் திருப்பித் தரக் கோரி

அனுப்புநர்:
ஒலிப்பதிவுக் கூட உரிமையாளர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் சின்ன ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தமிழ் பக்திப் பாட்டு, மலையாள மேளம் இரண்டும் இங்கே பதிவாகும். போன மாதம் உங்களிடம் எட்டு சானல் கேபிள் இரண்டு வாங்கினேன். ஒரு முனையில் 25 பின் (ஊசி) உள்ள டி-சப் பிளக், மறுமுனையில் எட்டு எக்ஸ்எல்ஆர், அதாவது மைக் கேபிளில் வரும் மூன்று பின் பிளக்.

ஆர்டர் போடும் முன்பே போன் செய்து, எந்தக் கம்பி எந்தப் பின்னுக்குப் போகிறது என்பதில் டாஸ்காம் கம்பெனி வரிசையா, யமஹா கம்பெனி வரிசையா என்று கேட்டேன். "25 பின் எல்லாமே ஒண்ணுதான் சார்" என்றார் பேசியவர். ஒன்றல்ல என்று விளக்கிய பிறகு டாஸ்காம் என்று உறுதி சொன்னார். பில்லிலும் அப்படித்தான் அடித்திருக்கிறது.

பஞ்சவாத்தியக் குழு வந்து நின்ற அன்றுதான் கேபிளை மாட்டினேன். ஒன்றாம் மைக்கில் இருந்த திமிலை எட்டாம் சானலில் வந்தது. மத்தளமும் இடக்காவும் ஏழாம் சானலில் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. இலத்தாளம் ஆறில். மூன்று மணி நேரம் போராடிவிட்டு, அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து அவர்களை அனுப்பி வைத்தேன். கொம்பு வாசிக்கிறவர் பெரியவர், அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்தவர். அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ராத்திரி பிளக்கின் மூடியான ஹூட்டைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். டாஸ்காம் வரிசையில் ஒன்றாம் சானலின் ஹாட் (நேர் சிக்னல் கம்பி) 24-ஆம் பின், கோல்டு (cold, எதிர் சிக்னல் கம்பி) 12, கிரவுண்டு (தரைக் கம்பி) 25. உங்கள் கேபிளில் அது 1-க்கும் 14-க்கும் போகிறது. அது டாஸ்காமில் எட்டாம் சானலின் இடம். இரண்டாம் சானலின் ஹாட் கம்பி 2-ஆம் பின்னில் இருக்கிறது, டாஸ்காமில் அது கிரவுண்டு! மைக் ஒலியைப் பெருக்கும் பிரீஆம்பின் அவுட்புட்டை நேராகக் கிரவுண்டில் இணைத்தால் பிரீஆம்ப் என்ன ஆகும்? உள்ளே ஷீல்டு (இரைச்சல் தடுக்கும் உறை) கம்பிகளுக்கு மேலே போடும் ஸ்லீவ்கூட இல்லை, மொட்டையாக முறுக்கி விட்டிருக்கிறீர்கள்.

அப்புறம் திருகு. ஒலியைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் என் இன்டர்ஃபேஸில் இருப்பது 4-40 என்ற அங்குல அளவு மரை. நீங்கள் கொடுத்திருப்பது எம்3 என்ற மில்லிமீட்டர் அளவுத் திருகு. அரைச் சுற்றுக்கு மேல் ஏறவில்லை. பிளக் சும்மா தொங்குகிறது, கை பட்டாலே ஆடுகிறது.

மல்டி-பின் கனெக்டரில் பின் வரிசைதான் சரக்கு. எட்டு சானலுக்கு மூன்று வீதம் 24 கம்பி, ஒரு பின் சும்மா கிடக்கும். எது எங்கே போகிறது என்று தெரியாமல் வாங்குகிறவன் எப்படித் தேர்ந்தெடுப்பான்? இந்த டாஸ்காம் வரிசையைத்தான் 2012-இல் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி ஏ.இ.எஸ். 59 என்று தரமாகவே ஆக்கினார்கள். உங்கள் இணையப் பக்கத்தில் ஒரு பின் படம்கூட இல்லை.

புகார் சொன்னபோது, "நீங்களே மாற்றி சால்டர் செய்துகொள்ளுங்கள்" என்றார்கள். இரண்டு கேபிளுக்கு 48 சால்டர். அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன். அவசரத்துக்கு வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குப் போய் வேறு கேபிள் செய்து வாங்கினேன்.

இரண்டு கேபிளின் முழு விலையும் கூரியர் செலவும் 10 நாளில் எனக்கு வர வேண்டும். பின் வரிசையையும் திருகின் அளவையும் உங்கள் பக்கத்தில் போடுங்கள். பதில் வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்வேன். பில் நகலும் படங்களும் இணைத்திருக்கிறேன். கேபிள்களை ஹூட் திறந்தபடியே வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பினால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்