எங்கள் சுட்டிகளைச் சுமந்தவர்களுக்கு

அன்புள்ள பகிர்வாளர்களுக்கு,

வணக்கம். தமிழில் வலைப்பூ எழுதும் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. எழுதியவரே வந்து "படியுங்கள்" என்று கேட்டால் நண்பர்கள் முகதாட்சண்யத்துக்காக எட்டிப் பார்ப்பார்கள். எழுதியவருக்கு எந்தக் கடனும் படாத இன்னொருவர் "இதைப் படித்துப் பாருங்கள்" என்றால் முன்பின் தெரியாதவர் வருவார். அந்த இன்னொருவர் நீங்கள். பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லிவிட்டுப் போக மனமில்லை. நீங்கள் செய்ததில் எது பலித்தது, ஏன் பலித்தது என்று விவரமாகச் சொல்லியே நன்றி கூறுகிறோம். நாளை வேறொருவருக்கு இதே உதவியைச் செய்யப்போகிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

முதல் நன்றி, பதிவின் சுட்டிக்கு (இணைய இணைப்பு, லிங்க்) மேலே சொந்தமாக இரண்டு வரி எழுதியவர்களுக்கு. வெறும் சுட்டியை யாரும் சொடுக்குவதில்லை. "அருமையான பதிவு, அவசியம் படிக்கவும்" என்று சேர்த்தாலும் அதே கதிதான். அந்த வரி எந்தப் பதிவுக்கும் பொருந்தும் என்பது வாசகருக்குத் தெரியும். பகிர்ந்தவரே படித்தாரா என்ற சந்தேகமும் வரும். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டைப் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். "சோழர் பெருமை" என்ற தலைப்போடு பகிர்ந்தால், ஏற்கெனவே சோழர் பெருமை பேசும் குழுவில் இருப்பவர்கள் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போவார்கள். "வேட்பாளருக்கு வயது 35-க்கு மேல், 70-க்குள். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டிய விதி இது, உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுகிற எல்லாரும் ஒருமுறை படிக்கலாம்" என்று எழுதினால் வரலாற்றில் ஆர்வமே இல்லாதவரும் உள்ளே வருவார்.

இதில் இருப்பது இரண்டே சரக்கு. பதிவுக்குள்ளிருந்து எடுத்த ஒரு திட்டமான செய்தி; இது யாருக்குப் பயன்படும் என்ற குறிப்பு. 25 முதல் 40 சொற்கள் போதும். அதற்கு மேல் போனால் பதிவின் சாரமே அங்கே தீர்ந்துபோய், உள்ளே வர வேண்டிய தேவை இல்லாமல் ஆகும். சுட்டியைக் கடைசியில் தனி வரியில் வைப்பது நல்லது. வாக்கியத்துக்கு நடுவே வைத்து, அதன் வாலில் வேற்றுமை உருபையோ காற்புள்ளியையோ ஒட்டினால், சில செயலிகள் அதையும் முகவரியின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். சொடுக்கியவருக்குப் "பக்கம் இல்லை" என்று வரும். அவர் இரண்டாம் முறை முயல மாட்டார்.

அடுத்த நன்றி, எங்கள் வட்டத்துக்கு வெளியே இருந்துகொண்டு பகிர்ந்தவர்களுக்கு. இந்த இடத்தில்தான் பதிவர்கள் பலரும் கணக்கில் தவறுகிறார்கள். பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் பதிவை மற்ற ஒன்பது பேரும் பகிர்கிறார்கள் என்று வையுங்கள். பத்துப் பேருமே புத்தக விமர்சனம் எழுதுகிறவர்கள், ஒரே முகநூல் குழுக்களில் இருப்பவர்கள். ஒன்பது பகிர்வும் போய்ச் சேர்வது ஏறக்குறைய ஒரே கூட்டத்திடம். பதிவருக்குப் புது வாசகர் கிடைக்க மாட்டார், அந்தக் கூட்டத்துக்குச் சலிப்புதான் மிஞ்சும். சிறுதானியச் சமையல் எழுதும் அம்மா ஒருவர், மானாவாரி விவசாயம் பற்றிய பதிவைத் தன் வாசகர்களுக்குக் காட்டினால், அது ஒன்பதைவிடப் பெரியது. பயணம் எழுதுகிறவர் கல்வெட்டுப் பதிவைக் காட்டலாம், பள்ளி ஆசிரியர் வானியல் பதிவைக் காட்டலாம். துறை ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும். முழுக்க ஒட்டினால் இருவருக்கும் வாசகர் ஒரே கூட்டம்தான், முழுக்க விலகினால் அவருக்கு அக்கறை இல்லை. குழுவாகப் பகிர்ந்தாலும் ஒரே மணிநேரத்தில் எல்லாரும் போடாமல், இன்று ஒருவர், மூன்று நாள் கழித்து ஒருவர், அடுத்த வாரம் ஒருவர் என்று பிரித்துக்கொண்டவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

பழைய ஆட்களை மறக்க முடியாது. காசி ஆறுமுகம் 2004-இல் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி, அதன்பின் வந்த மற்றத் திரட்டிகள், இவற்றைப் பராமரித்தவர்கள் எல்லாரும் சம்பளம் இல்லாமல் செய்த வேலை அது. ஒவ்வொரு வலைப்பூவின் ஓடையையும் (புது இடுகைகளைத் தானாகத் தரும் ஃபீட்) படித்து, புது இடுகைகளின் தலைப்பை ஒரே பக்கத்தில் அடுக்கியதால், ஆறு வாசகர் உள்ள பதிவரும் ஆயிரம் வாசகர் உள்ளவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். வலைச்சரம் என்ற கூட்டு வலைப்பூவில் வாரம் ஒருவர் ஆசிரியராகப் பொறுப்பேற்று, தினமும் பிறர் பதிவுகளைச் சுட்டியோடு அறிமுகம் செய்தார். அதோடு நிற்காமல், அறிமுகம் செய்யப்பட்டவரின் வலைப்பூவுக்கே போய்ப் பின்னூட்டத்தில் தகவல் சொல்லிவிட்டும் வந்தார்கள். அந்தத் தகவல் சொல்லும் பழக்கம் சின்னதாகத் தெரியும். அதனால்தான் அறிமுகமானவர் திரும்பி வந்து, தன்னோடு அறிமுகமான மற்றவர்களையும் படித்தார். ஒரே இடுகையில் பத்துப் பேருக்குள் போக்குவரத்து உண்டானது.

பதிவுக்கு ஓட்டுப் போடும் தமிழ்மண வாக்குப் பட்டை வந்தபின் இது கெட்டதும் உண்மை. "நீ எனக்கு ஒரு ஓட்டு, நான் உனக்கு ஒன்று" என்று மொய் எழுதத் தொடங்கினோம். "த.ம. 1" (தமிழ்மணத்தில் முதல் ஓட்டு) என்று மட்டும் எழுதிய பின்னூட்டங்கள், முதல் பின்னூட்டம் போட்டு "வடை எனக்கே" என்று தட்டிச்சென்றவர்கள் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. (வடை கேட்டவர்களில் சிலர் பதிவைப் படித்தும் இருக்கலாம், சாட்சி இல்லை.) படிக்காமல் போட்ட வாக்கு சாதாரணப் பதிவை மேலே ஏற்றியது; மேலே இருந்ததைப் படித்து ஏமாந்த வெளி வாசகர் மறுநாள் வரவில்லை. பகிர்வைக் கடனாக்கினால் நடப்பது இதுதான்.

திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஓடைகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டது. புது இடுகையை மின்னஞ்சலில் அனுப்பிய ஃபீட்பர்னர் சந்தாவும் 2021-இல் நின்றது. அப்போது சந்தாதாரர் பட்டியலைத் தரவிறக்கி வேறு சேவைக்கு மாற்றுவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு நன்றி. இன்றும் தங்கள் வலைப்பூவின் ஓரத்தில் மற்றவர்களின் பட்டியலை வைத்திருப்பவர்களுக்கும் நன்றி. கூகுளின் வலைப்பூத் தளமான ப்ளாக்கரில் தளவமைப்புக்குப் போய் "வலைப்பதிவுப் பட்டியல்" கேட்ஜெட்டைச் சேர்த்து, அண்மையில் புதுப்பித்தது மேலே வரும்படி அடுக்கி, கடைசி இடுகையின் தலைப்பு தெரியும்படி தேர்வுசெய்து, 10 மட்டும் காட்டச் சொன்னால் அது ஒரு குட்டித் திரட்டி. அகரவரிசையில் நூறு பெயரைத் தொங்கவிட்டால் ஒருவரும் தொட மாட்டார்கள். உங்கள் பதிவு பிறர் பட்டியலில் புதுப்பிக்கப்படாமலே கிடந்தால், உங்கள் ஓடை அமைப்பு "எதுவுமில்லை" என்று இருக்கிறதா பாருங்கள்.

இனி, தனிச்செய்தியில் வந்து "உங்கள் சுட்டி பார்க்கச் சகிக்கவில்லை" என்று உடைத்துச் சொன்னவர்களுக்கு. நீங்கள்தான் அதிகம் உதவினீர்கள்.

ப்ளாக்கரில் தமிழில் தலைப்பு வைத்தால், முகவரியில் தமிழ் எழுத்துகள் விழுந்துபோய் வெறும் "ப்ளாக்-போஸ்ட்" என்றும், அடுத்ததற்கு அதோடு ஓர் எண்ணும் வரும். பார்ப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று ஒன்றும் தெரியாது. வெளியிடுவதற்கு முன்பே நிரந்தரச் சுட்டி அமைப்பில் மூன்று நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். வெளியிட்டபின் மாற்றினால், ஏற்கெனவே பகிரப்பட்ட சுட்டிகள் எல்லாம் செத்துவிடும். பழைய முகவரியிலிருந்து புதியதற்குத் திசைமாற்று அமைத்தால்தான் பிழைக்கும். வேர்ட்பிரஸில் சிக்கல் வேறு. தமிழ் முகவரி அப்படியே இருக்கும், ஆனால் நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் சதவீதக் குறி சேர்ந்த ஒன்பது எழுத்தாக விரியும். "நன்றி மடல்" என்ற தலைப்பு 82 எழுத்தாகும். புள்ளியும் இகரக் குறியும்கூடத் தனித்தனிக் குறிகள் என்பதால் வந்த நீளம் அது. வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்குவது 200 எழுத்து. 22 குறிகளோடு தலைப்பு பாதியில் அறுந்துவிடும். வாட்ஸாப்பில் இப்படி ஒரு சுட்டியைப் பார்த்தால் வைரஸ் என்று பயப்படுகிறவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

சுட்டியோடு சேர்ந்து தெரியும் முன்னோட்டப் படம் அடுத்தது. 1200-க்கு 630 பிக்சல் அளவில் கிடைமட்டமான படம் முகநூலுக்கும் வாட்ஸாப்புக்கும் பொருந்தும். 300 கேபிக்குள் சுருக்கிவிட்டால் மெதுவான இணைப்பிலும் சிக்கல் இருக்காது. பதிவின் முதல் படமே பெரும்பாலும் முன்னோட்டமாக எடுக்கப்படும் என்பதால், முதலில் அலங்காரத்துக்குப் பிள்ளையார் படம் வைத்தால் விவசாயப் பதிவுக்கும் பிள்ளையார்தான் வருவார். தேடல் விவரம் என்ற பெட்டியை ப்ளாக்கரின் அமைப்புகளில் இயக்கி, ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு வரி நிரப்ப வேண்டும். "என் பயணங்கள் – பகுதி 7" என்று தொடங்கும் தலைப்பில் முக்கியச் சொல் வருவதற்குள் முன்னோட்டம் வெட்டிவிடும்; ஊர்ப் பெயர் முதலில், பகுதி எண் கடைசியில். பகிர்ந்தபின் படத்தையோ தலைப்பையோ திருத்தினால் முகநூல் பழையதையே நினைவில் வைத்துக் காட்டும். அதன் பகிர்வுச் சோதனைக் கருவியில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். வாட்ஸாப்பில் முன்னோட்டத்தை உருவாக்குவது அனுப்புகிறவரின் செல்பேசி. ஒட்டிய கையோடு அனுப்பாமல், படம் வரும்வரை இரண்டு மூன்று விநாடி காத்திருந்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

வாட்ஸாப்பில் சுமந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்குத்தான் முன்னனுப்ப முடியும். பலமுறை கைமாறி இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்டால், தடவைக்கு ஒன்றுக்குத்தான். அந்த அம்புக்குறியைப் பார்த்ததும் திறக்காமல் நகர்கிறவர்கள் நிறைய. ஆகவே முன்னனுப்பாமல், சுட்டியை மட்டும் நகலெடுத்து, உங்கள் சொந்த இரண்டு வரியோடு புதுச் செய்தியாக அனுப்பியவர்கள் புத்திசாலிகள். ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும்.

"படித்ததில் பிடித்தது" என்று முழுப் பதிவையும் ஒட்டி, எழுதியவர் பெயரை மட்டும் கவனமாக நீக்கி அனுப்புகிறவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை. முதல் பத்தியை மட்டும் எடுத்து, விஷயம் திறக்கிற இடத்தில் நிறுத்தி, பெயரும் சுட்டியும் சேர்த்தவர்களுக்கு உண்டு. முழுப் பதிவையும் தன் தளத்தில் மறுபதிப்புச் செய்ய விரும்பி, முதலில் அனுமதி கேட்டு, மூலப் பக்கத்தைக் காட்டும் கேனானிக்கல் குறிச்சொல்லையும் சேர்த்த பெருந்தன்மைக்காரர்களுக்கும் உண்டு. அந்தக் குறிச்சொல் இல்லாவிட்டால் கூகுள் நகலை மூலமாக எடுத்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது.

பதிவுக்குள்ளேயே, பேசும் பொருளோடு இழைத்துச் சுட்டி கொடுத்தவர்கள் நீண்ட காலத்துக்கு உதவியவர்கள். முகநூல் பகிர்வு இரண்டு நாளில் கீழே போய்விடும். பதிவுக்குள் இருக்கும் சுட்டி வருடக்கணக்கில் ஆள் அனுப்பும். "இங்கே சொடுக்கவும்" என்பதைவிட, பதிவின் பொருளைச் சொல்லும் சொற்கள்மேல் சுட்டி வைத்தால் வாசகருக்கும் தேடுபொறிக்கும் புரியும். ஆனால் சுட்டிக்குச் சுட்டி என்று ஒப்பந்தம் போட்டுப் பக்கம் பக்கமாக மாற்றிக்கொள்வதைக் கூகுள் மோசடிச் சுட்டிகளின் கணக்கில் வைக்கிறது. ஒருவர் தளத்து விளம்பரத்தை இன்னொருவர் "உதவியாக" சொடுக்குவது இன்னும் மோசம். தமிழுக்கு ஆட்சென்ஸ் (கூகுளின் விளம்பர வருவாய்ச் சேவை) கிடைத்தது 2018-இல்தான், அதை இப்படி இழக்க வேண்டாம்.

உங்களில் சிலரைப் பெயர் சொல்லி அழைக்க முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. வாட்ஸாப் வழியே வருகிறவர்கள் புள்ளிவிவரத்தில் பெரும்பாலும் "நேரடி வருகை" என்றே பதிவாகிறார்கள். யார் அனுப்பினார் என்பது தெரிவதில்லை. ப்ளாக்கரின் எண்ணிக்கையில் தானியங்கி வருகைகளும் கலந்திருக்கும். ஒவ்வொரு பகிர்வாளருக்கும் யூடிஎம் குறிப்புடன் (முகவரியின் கடைசியில் சேர்க்கும் அடையாளம்) தனிச் சுட்டி கொடுத்தால், கூகுள் அனலிட்டிக்ஸில் யார் வழியாக எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம். நூறு பேரை அனுப்பியவரைவிட, பத்துப் பேரை அனுப்பி அவர்கள் அடுத்த பதிவையும் படிக்கச் செய்தவரை அப்போது கண்டுகொள்ளலாம்.

கடைசியாக, கேட்டபோது மறுத்தவர்களுக்கும் நன்றி. "இது என் வாசகர்களுக்குப் பொருந்தாது, வேறு பதிவு இருந்தால் அனுப்புங்கள்" என்று சொன்ன நீங்கள், உங்கள் பரிந்துரையின் மதிப்பைக் காப்பாற்றினீர்கள். அடுத்த முறை நீங்கள் காட்டியதை உங்கள் வாசகர்கள் நம்பித் திறந்தார்கள். உங்கள் பதிவுகளை நாங்கள் காட்டும்போதும் அப்படித்தான் செய்வோம். பிடித்ததை மட்டும், படித்தபின் மட்டும் காட்டுவோம். காட்டியதும் உங்கள் பின்னூட்டப் பெட்டியில் வந்து சொல்லிவிட்டுப் போவோம். அந்தப் பெட்டியைத் தயவுசெய்து திறந்தே வையுங்கள்.

நன்றியுடன்,
வலைப்பதிவர்கள் சிலர்