தாஷ்கண்டுக்கு முன்னால் இருந்த சாஸ்திரி

அன்பு மகள் மலர்விழிக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் அலுவலகத்தில் லால் பகதூர் சாஸ்திரியைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எல்லோரும் அவருடைய மரணத்தைப் பற்றியே பேசினார்கள் என்று எழுதியிருந்தாய். 1966 ஜனவரி 11 அதிகாலையில், அவர் இறந்த சோவியத் நகரமான தாஷ்கண்டில் என்ன நடந்தது என்ற சந்தேகம், அவர் பிரதமராக இருந்த 19 மாதங்களையும் மறைத்துவிட்டதே என்பதுதான் என் வருத்தம்.

நம் அரியலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் அவரை வேறொன்றுக்காக நினைவில் வைத்திருந்தார்கள். 1956 நவம்பரில் மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே ரயில்பாதையை அரித்துவிட, விடியுமுன் வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வே அமைச்சராக இருந்தவர் அவர். சில மாதங்களுக்கு முன் மகபூப்நகர் விபத்துக்காக அவர் கொடுத்த ராஜினாமாவை நேரு ஏற்கவில்லை. இம்முறை, விபத்துக்குச் சாஸ்திரி காரணமல்லர் என்றும், ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றே ஏற்பதாகவும் நாடாளுமன்றத்தில் சொல்லி ஏற்றுக்கொண்டார்.

1965 ஏப்ரலில் குஜராத் எல்லையிலுள்ள கட்ச் பகுதியில் பாகிஸ்தானுடன் மோதல் மூண்டபோது அவர் சமரசத்துக்கு இணங்கியதைப் பாகிஸ்தான் தலைவர்கள் பலவீனம் என்று கணக்குப் போட்டார்கள். ஆள் குள்ளம், குரல் மெல்லியது என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும். செப்டம்பர் 1 அன்று அவர்களுடைய டாங்கிகள் ஜம்முவை ஒட்டிய சாம்ப் பகுதியில் நுழைந்து, காஷ்மீருக்குச் செல்லும் வழியைத் துண்டிக்க அக்னூர் என்ற ஊரை நோக்கி வந்தன. அங்கேயே மல்லுக்கட்டிக்கொண்டிராமல், பஞ்சாபில் சர்வதேச எல்லையைத் தாண்டி லாகூர் திசையில் முன்னேற ராணுவத்துக்கு அவர் அனுமதி கொடுத்தார்; 6ஆம் தேதி படை எல்லையைக் கடந்தது. நேருவின் நிழலில் வளர்ந்தவரிடம் அப்படியொரு முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை.

போர் ஒருபக்கம், அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த வயிறு மறுபக்கம். வாரத்தில் ஒருவேளை உணவை விடுங்கள் என்று மக்களிடம் கேட்டுக்கொண்டவர், உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் அதிக விளைச்சல் தரும் மெக்சிகோ கோதுமை விதைகளைக் கொண்டுவர முனைந்தபோது அவருக்குத் துணை நின்றார். 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' (வீரர் வாழ்க, விவசாயி வாழ்க) என்ற அவரது முழக்கத்தில் விவசாயி சும்மா ஒப்புக்கு இடம்பெறவில்லை.

ஆனால் தமிழர்கள் நாம் ஒன்றை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஒரு விபத்துக்காகப் பதவியையே துறந்தவர், அதே 1965 தொடக்கத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தபோது இரண்டு வாரம் தயங்கினார். மத்திய அமைச்சர்களாக இருந்த தமிழர்கள் சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் ராஜினாமா கொடுத்த பிறகே, ஆங்கிலம் ஆட்சிமொழியாகத் தொடரும் என்ற அவரது உறுதி பிப்ரவரி 11 அன்று வானொலியில் வந்தது.

தாஷ்கண்டில் பாகிஸ்தானுடன் அவர் கையெழுத்திட்ட உடன்பாட்டின்படி, நம் வீரர்கள் உயிரைக் கொடுத்துப் பிடித்த, காஷ்மீரிலுள்ள ஹாஜி பீர் கணவாயைத் திருப்பித் தர நேர்ந்தது. ஊரில் ஏச்சு விழும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? சாம்ப் பாகிஸ்தான் கையில் இருந்தது. பழைய நிலைகளுக்குத் திரும்பாமல் அதை மீட்டிருக்க முடியாது என்பதால், அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அடுத்தமுறை பேச்சு வந்தால் மரணத்தை விட்டுவிட்டு இதைக் கேட்டுப் பார்; நீ என்ன நினைக்கிறாய் என்பதையும் எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா